ட்ரூப்பல் 7 முடிந்துவிட்டது. சங்கத் தளத்தை மூடிவிடலாமா?

11 ஜனவரி 2025

ட்ரூப்பல் என்பது ஒரு சிஎம்எஸ், அதாவது தளத்தின் பக்கங்களையும் பதிவுகளையும் நிர்வகிக்கும் மென்பொருள். அது திறந்த மூலம், அதாவது யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதைப் பற்றித் தொண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே:

"எங்கள் மீனவர் சங்கத்துக்கு 2013ல் ட்ரூப்பல் 7ல் ஒரு தளம் செய்தோம். இந்த மாதம் 5ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். செய்து கொடுத்த பையன் துபாய் போய்விட்டான். புதிதாகச் செய்யக் கேட்கிற தொகை சங்கத்தில் இல்லை. திறந்த மூல சிஎம்எஸ் எல்லாம் பெரிய இடங்களுக்குத்தான் சரி. எங்கோ உட்கார்ந்து ஒருவர் 'முடிந்தது' என்றால் நாம் நடுத்தெருவில் நிற்கிறோம். தளத்தை மூடிவிட்டு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தால் போதும் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்."

11 ஜனவரி, மதியம்

மறுக்கிறேன் அண்ணே. முதலில், உங்கள் தளம் நின்றுவிடாது. நேற்று எப்படித் திறந்ததோ அப்படியே நாளையும் திறக்கும். முடிந்தது என்றால், ட்ரூப்பலின் பாதுகாப்புக் குழு 7ஆம் பதிப்புக்கு இனித் திருத்தம் வெளியிடாது, அவ்வளவுதான். அந்தப் பதிப்பு வந்தது 2011 ஜனவரி 5. முடிந்தது 2025 ஜனவரி 5. சரியாக 14 வருடம். 2021 நவம்பரிலேயே முடிப்பதாக இருந்தது. கொரோனா வந்து பலர் சிரமத்தில் இருந்ததால் தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். காசு வாங்காமல் 14 வருடம் பழுதுபார்த்துக் கொடுத்தவர்களைப் பார்த்து, நம்மை நடுத்தெருவில் விட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

11 ஜனவரி, இரவு

மதியம் எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் சும்மா இருக்கலாம் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். கூடாது.

2014 அக்டோபர் 15 அன்று ட்ரூப்பல் 7ல் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்து, கூடவே திருத்தமும் தந்தார்கள். தளத்தில் கணக்கே இல்லாத ஒருவர், பதிவுகள் எல்லாம் இருக்கும் தரவுத்தளத்துக்குள் கை வைக்க முடிகிற ஓட்டை அது. இரண்டு வாரம் கழித்து அதே குழு இன்னொரு அறிவிப்பு விட்டது: முதல் அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கெடு நம் நேரத்துக்கு விடியற்காலை நாலரை மணிக்கு முடிந்தது. நம் கரையில் அந்த நேரத்தில் யார் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள்?

அப்போது திருத்தமாவது இருந்தது. இனி அப்படி ஒன்று வெளிவந்தால் 7க்குத் திருத்தமே இருக்காது. கட்டணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து திருத்தம் தரும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் ஒரு சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது. நகரத்தான் வேண்டும்.

எங்கே நகர்வது என்று பேசுவதற்கு முன் இன்றே செய்ய வேண்டியவை: தரவுத்தளத்தை முழுசாக இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். படங்கள் இருக்கும் கோப்புறையையும் அப்படியே. பிறகு டொமைன் (தளத்தின் முகவரி) யார் பெயரில் இருக்கிறது, ஹோஸ்டிங் (தளம் இருக்கும் வாடகைச் சர்வர்) கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். துபாய்த் தம்பியிடம்தான் இருக்கிறது என்றால் இன்று ராத்திரியே அவருக்குப் போன் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

12 ஜனவரி

"7லிருந்து நேராக 11க்கு ஒரு பொத்தானை அழுத்தி ஏறிவிட முடியாதா?" என்று பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்.

முடியாது. 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பை அடித்தளத்திலிருந்து மாற்றி எழுதினார்கள். பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய சிம்ஃபோனி என்ற பொதுவான கட்டுமானத்தின் பகுதிகளை உள்ளே எடுத்தார்கள், பக்கத் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்களுக்கு ட்விக் என்ற மொழி வந்தது, அமைப்புகள் யாமல் என்ற உரைக் கோப்புகளாயின. 7க்கு எழுதிய மாட்யூல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எதுவும் 8ல் ஓடாது. பழைய தளத்தை மேம்படுத்துவது என்பதே இல்லை. புதிய தளத்தைப் பக்கத்தில் நிறுத்தி, உள்ளடக்கத்தை மைக்ரேட் மாட்யூல் வழியாகக் கடத்த வேண்டும். 8லிருந்து 9, 9லிருந்து 10, 11 என்று ஏறுவது அதைவிட எவ்வளவோ எளிது. நடுவில் இருக்கும் அந்த ஒரு பள்ளம்தான் சின்னத் தளங்களை விழுங்கியது.

பொறியியல் என்று பார்த்தால் அவர்கள் செய்தது நியாயம். 7ன் குறியீட்டை, அதாவது நிரல் வரிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், பெரிய பெரிய அடுக்கு வரிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும். ஆனால் பாதி நாள் சிக்னல் கிடைக்காத இடத்தில் மாதாந்திர ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளம் நடத்துகிற நமக்கு கம்போசர் (தேவையான நிரல்களை இறக்கிச் சேர்க்கும் கருவி), கட்டளை வரி என்று வந்தபோது கை நடுங்கியது. இரண்டும் உண்மைதான்.

19 ஜனவரி

தொண்டி அண்ணனின் "யாரோ முடிந்தது என்றால்" என்ற வரி ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேரான பதில் இந்த மென்பொருள்களின் பிறப்பிலேயே இருக்கிறது.

ட்ரூப்பல் போல இன்னொரு திறந்த மூல சிஎம்எஸ்ஸான வேர்ட்பிரஸ் எப்படி வந்தது? மிஷெல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் கவனிப்பாரில்லாமல் நின்றுபோயிருந்தது. 2003 ஜனவரியில் மேட் முல்லன்வெக் என்ற கல்லூரி மாணவர், இதை எடுத்துத் தொடரலாமா என்று தன் பதிவில் எழுதினார். நானும் வருகிறேன் என்று மைக் லிட்டில் அதன் கீழே எழுதினார். அந்த வருடம் மே 27ஆம் தேதி வேர்ட்பிரஸின் முதல் வெளியீடு வந்துவிட்டது. ஜூம்லா என்ற சிஎம்எஸ்ஸும் அப்படித்தான், 2005ல் மாம்போ என்ற சிஎம்எஸ்ஸை எழுதியவர்கள் பிரிந்துபோய் உருவாக்கியது. எல்லாம், யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ட்ரூப்பலே ஆண்ட்வெர்ப்பில் மாணவர் விடுதியில் தொடங்கியது. டிரீஸ் பைடார்ட்டும் நண்பரும் ஓர் இணைய இணைப்பைக் கம்பியில்லாமல் மற்ற மாணவர்களோடு பகிர்ந்தார்கள், பிறகு தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ள ஒரு சின்னத் தளம் எழுதினார்கள். 2001 ஜனவரியில் அதை ஊருக்கே திறந்துவிட்டார். சில மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவி! ஒரு மீனவர் சங்கம் அதைப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அண்ணே, உங்களுக்குத் தேவையான கிளையும் பத்து வருடமாக இருக்கிறது. பேக்டிராப் என்று பெயர். 8ஆம் பதிப்பின் திசை பிடிக்காதவர்கள் ட்ரூப்பல் 7ன் குறியீட்டிலிருந்தே பிரித்து, 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். சின்ன அமைப்புகள், சாதாரண ஹோஸ்டிங், இதுதான் அவர்கள் குறி. 7ன் தரவுத்தளத்தை அதில் நேரடியாக ஏற்றி மேம்படுத்தலாம். வருடத்தில் மூன்று வெளியீடு: ஜனவரி 15, மே 15, செப்டம்பர் 15.

2 பிப்ரவரி

வாட்ஸ்அப் குழு போதும் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் கோபமே அங்கேதான்.

மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் பெண்கள் நடத்தும் ஒரு குழுவின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கருவாடும் கடற்பாசியும் விற்பவர்கள். அவர்களிடமும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, காலையில் விலை சொல்ல அதைவிட வேகமானது எதுவுமில்லை. ஆனால் போன வருடம் கச்சான் காற்று வீசிய மாதத்தில் மரிக்கொழுந்துப் பாசி என்ன விலைக்குப் போனது என்று குழுவில் தேடிப் பாருங்கள். காலை வணக்கப் படம், திருமண அழைப்பு, யாரோ அனுப்பிய பழைய வீடியோ எல்லாம் வரும், விலை மட்டும் வராது. வியாபாரி "போன வருடமும் இதே விலைதான்" என்று சொல்லும்போது, இல்லை என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

தளத்தில் ஒவ்வொரு விற்பனையும் ஒரு பதிவு. அதில் தேதி, பாசி வகை, காய்ந்த எடை, விலை, வாங்கியவர் என்று தனித்தனிப் புலங்கள், அதாவது தகவல் கட்டங்கள். ட்ரூப்பலின் பலமே இதுதான். முன்பு சிசிகே என்ற தனி மாட்யூலாக இருந்த இந்தப் புல வசதி, 7ல் மைய மென்பொருளுக்குள்ளேயே வந்துவிட்டது. எந்த உள்ளடக்கத்துக்கும் நீங்களே புலம் சேர்க்கலாம், வியூஸ் என்ற பட்டியல் போடும் மாட்யூலைக் கொண்டு எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். மரிக்கொழுந்து மட்டும், மாதவாரியாக, விலை ஏறுவரிசையில். ஒரு வரி நிரல் எழுத வேண்டாம். அந்த அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு அக்கா ஒருவர் வியாபாரியிடம் பேசியதை நான் பார்த்தேன். குரல் உயரவே இல்லை. தாளை முன்னால் தள்ளினார், அவ்வளவுதான். விலை கூடியது.

இன்னொன்று. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மீன் பட்டது என்பதை எந்த வள்ளக்காரரும் ஊருக்குச் சொல்ல மாட்டார். ஆனால் தனக்காகக் குறித்துவைக்க ஆசைப்படுவார். புலத்துக்குப் புலம் அனுமதி வைக்க 7ல் ஒரு மாட்யூல் உண்டு. மீனும் எடையும் எல்லாருக்கும் தெரியும். இடம் மட்டும், அதைப் பதிந்தவருக்கே தெரியும். குழுவில் அனுப்பிய செய்தியைப் பாதி மறைக்க முடியுமா?

3 பிப்ரவரி

நேற்று எழுதியதன் கீழ் ஒருவர்: "எங்கள் தளத்தில் மீன் படம் போட்ட சின்ன எமோஜி ஒன்றைச் சேர்த்தால் பதிவே சேமிக்காமல் பிழை காட்டுகிறது, வைரஸா?"

வைரஸ் இல்லை. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், எழுத்துகளைச் சேமிக்கும் பழைய யூடிஎஃப்8 வகை ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம் தரும். தமிழுக்கு 3 போதும், எமோஜிக்கு 4 வேண்டும். ட்ரூப்பல் 7.50ல், அதாவது 2016ல், இதற்கு வழி வந்துவிட்டது, ஆனால் தரவுத்தளத்தை மாற்ற வேண்டும். வேர்ட்பிரஸ் 2015ல் 4.2 பதிப்பிலேயே தானாக மாற்றிக்கொண்டது. நகரும்போது சேர்த்து மாற்றிவிடுங்கள், மீன் நன்றாக நீந்தும்.

9 மார்ச்

வேர்ட்பிரஸ் ஏன் வேண்டாம் என்று கீழக்கரைத் தங்கச்சி கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. அறிவிப்பு, செய்தி, திருவிழாப் படம், இவ்வளவுதான் தளம் என்றால் வேர்ட்பிரஸ்தான் சரி. யாருக்கும் ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது, நாலரை மணிக்கு நாம் விழித்திருக்க வேண்டியதில்லை. விலைப் பட்டியல், பதிவேடு என்று வந்தால் என் ஓட்டு பேக்டிராப்புக்கு.

ஆனால் வேர்ட்பிரஸில் தமிழ் எழுதுகிறவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டிய ஒன்று: பக்க முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் முகவரியும் தமிழிலேயே வரும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக மாறுகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு 9. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறியீடு. 'ராமநாதபுரம்' என்பதில் 11 குறியீடு இருக்கிறது, 99 எழுத்து அங்கேயே போய்விட்டது! 'ராமநாதபுரம் மாவட்ட மீனவர் குறைதீர் கூட்டம்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரி 'மீனவர' என்பதோடு அறுந்துவிடும், ர் மேல் புள்ளிகூட இருக்காது. அடுத்த மாதம் அதே கூட்டத்துக்கு அதே தலைப்பு வைத்தால் வால் இன்னும் கோணலாகும். அதை நகலெடுத்துக் குழுவில் அனுப்பினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளாகவே ஒரு பத்தி போகும், பார்ப்பவர் பயந்து தொடமாட்டார்.

நிரந்தர முகவரி அமைப்பில் எண் வகையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். குட்டியாக இருக்கும், போனில் வாயால்கூடச் சொல்லலாம். பதிவுகள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழைய இணைப்புகள் முறியக்கூடும், அதனால்தான் முதல் நாளே.

10 மார்ச்

வேர்ட்பிரஸில் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் இரண்டு இருக்கும்: இந்தியா ஒன்று, இலங்கை ஒன்று. தனித்தனி ஆட்கள் மொழிபெயர்க்கிறார்கள். இரண்டையும் போட்டுப் பார்த்து, உங்கள் சங்கத்துக்காரர்களுக்கு எது சட்டென்று புரிகிறதோ அதை வையுங்கள். குறை தெரிந்தால் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தம் முன்மொழியலாம். நிரல் தெரியாதவர்களும் கை கொடுக்கக்கூடிய இடம் அது.

7 ஏப்ரல்

நேற்று பாம்பன் புதிய பாலத்தைத் திறந்தார்கள். 1914ல் வந்த பழைய பாலத்தின் தூக்கு, இரண்டு கையாக விரிந்து மேலே போனது. இது நடுத்துண்டு முழுவதும் அப்படியே செங்குத்தாக உயர்கிறது. கரையெல்லாம் கூட்டம், எல்லார் கையிலும் போன்.

விளைவு: ராத்திரி முழுக்க எனக்கு ஒரே கேள்வி, "படம் ஏறவில்லை". பிஎச்பியில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு கோப்புக்கு உச்சவரம்பு 2 எம்பி. இப்போதைய போனில் எடுக்கிற படம் அதைத் தாண்டிவிடும். சிஎம்எஸ் மேல் குற்றமில்லை, ஹோஸ்டிங் பக்கத்தில் அந்த வரம்பை உயர்த்த வேண்டும். மொத்தமாக அனுப்பும் அளவுக்கும் தனி வரம்பு உண்டு, அது வழக்கமாக 8 எம்பி. இரண்டையும் சேர்த்து உயர்த்துங்கள். உயர்த்திவிட்டால் மட்டும் போதாது; பெரிய படத்தை அப்படியே பக்கத்தில் காட்டினால் பார்ப்பவரின் டேட்டா தீர்ந்துவிடும். ட்ரூப்பலிலும் பேக்டிராப்பிலும் பட வடிவங்கள் என்ற வசதி சின்ன நகலைத் தானே செய்துகொள்ளும், அதைப் பயன்படுத்துங்கள்.

21 ஏப்ரல்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். தளத்தை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடையாது: பதிவு குறைவு, ஆட்கள் ஊரில். தொண்டி அண்ணனும் சரி என்று சொல்லிவிட்டார், பேக்டிராப்புக்குத்தான்.

செய்கிற முறை. உண்மைத் தளத்தைத் தொடவே கூடாது, நகலில்தான் எல்லாம். முதலில் நகலை 7ன் கடைசி வெளியீட்டுக்கு ஏற்றினோம். பேக்டிராப்பில் இணை இல்லாத மாட்யூல்களைத் தேடி அணைத்து நீக்கினோம். வியூஸ், தேதி, பாத்ஆட்டோ (பக்க முகவரியைத் தானே அமைப்பது) போன்றவை பேக்டிராப்பின் மையத்திலேயே இருப்பதால் கவலையில்லை. தளத்தின் தோற்றத்தை, அதாவது தீம் என்பதை, ட்ரூப்பல் 7னோடு வரும் 'பார்ட்டிக்' தீமுக்கு மாற்றினோம். பிறகு அந்தத் தரவுத்தளத்தைப் புதிய பேக்டிராப்புக்குக் காட்டி, மேம்படுத்தல் பக்கத்தை ஓடவிட வேண்டும். பழைய தீம் வராது, அதைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும். அமைப்புகள் எல்லாம் ஜேசன் என்ற உரைக் கோப்புகளாக வெளியே வந்துவிடும். எனக்கு அது மிகவும் பிடிக்கும், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று கண்ணால் பார்க்கலாம்.

2013லிருந்து சேர்ந்த பதிவுகள் அத்தனையும், எழுதியவர் பெயரோடும் தேதியோடும், புதிய இடத்தில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. அதில் இப்போது உயிரோடு இல்லாதவர்கள் பதிந்தவையும் உண்டு.

4 மே

ஜனவரி 19ல் எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். உரிமம் திறந்திருந்தால் யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். குறியீட்டுக்கு அது சரி. ஆனால் திருத்தம் எந்த வழியாக வந்து சேருகிறது?

2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தகராறு முற்றி, அந்த நிறுவனம் வேர்ட்பிரஸின் மையச் சர்வரை அணுகுவதை முல்லன்வெக் தரப்பு தடுத்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு அப்டேட் வழி அடைபட்டது. அக்டோபரில், டபிள்யூபி எஞ்சின் பராமரித்த, புலம் சேர்க்க உதவும் பிரபலமான நீட்சி ஒன்றின் இடத்தையே முல்லன்வெக் தரப்பு வேறு பெயரில் எடுத்துக்கொண்டது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுப் பழைய நிலையைத் திருப்பச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று நான் பேசவில்லை. குறியீடு எல்லாருக்கும் சொந்தம், குழாய் ஒருவர் கையில். ட்ரூப்பலின் தளத்தை லாப நோக்கில்லாத ஒரு சங்கம் நடத்துகிறது, பேக்டிராப்பை ஒரு குழு கூடி நடத்துகிறது. அந்த ஏற்பாட்டில் சச்சரவே வராது என்றில்லை, ஆனால் ஒருவர் தனியாக ஒரே நாளில் அடைத்துவிட முடியாது. தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தைப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் பயந்து ஓட வேண்டியதில்லை, பேக்கப் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

25 மே

புதிய தளத்தில் தொண்டி அண்ணன் முதலில் செய்தது, 'கடல்' என்று தேடியது. பாதிப் பதிவுகள் வரவில்லை. தேடல் கெட்டுவிட்டது என்று போன்.

கெடவில்லை. பழைய தளத்திலும் அப்படித்தான், யாரும் கவனிக்கவில்லை. மையத் தேடல் முழுச்சொல்லைத்தான் அட்டவணையில் வைக்கிறது. 'கடலில்', 'கடலுக்கு' எல்லாம் அதற்கு வேறு சொல். வேர்ட்பிரஸ் எழுத்துத் தொடராகத் தேடும், ஆனால் 'கடல்' என்பதன் கடைசிப் புள்ளி 'கடலில்' என்பதில் இல்லை, அதனால் அங்கும் கிடைக்காது. இந்த மென்பொருள்கள் ஒட்டு ஒட்டாமல் நிற்கும் சொற்களை நினைத்து எழுதப்பட்டவை. நம் சொல்லோ வேற்றுமை ஏறாமல் நகராது.

வழி: வியூஸில் ஒரு தேடல் பெட்டி செய்து, 'உள்ளடங்கியது' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'கடல' என்று தேடுங்கள். எல்லாம் வரும். 'மீன' என்றால் மீனும் வரும், மீனவரும் வருவார். உகரத்தில் முடிந்தால் உகரக் குறியை விடுங்கள், 'நண்ட' என்று.

26 மே

'ராமேஸ்வரம்' மட்டும் இந்த வழிக்கு வரவில்லை என்று கீழக்கரைத் தங்கச்சி பிடித்தார். நல்ல பிடி. ம் என்று முடியும் பெயர், வேற்றுமை ஏறும்போது த்த் ஆகிவிடுகிறது: ராமேஸ்வரத்தில், பவளத்தின், துறைமுகத்துக்கு. அதற்குப் புள்ளியை மட்டும் எடுத்தால் போதாது, கடைசி எழுத்தையே எடுத்து 'ராமேஸ்வர' என்று தேட வேண்டும். தேடுகிறவர் இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது என்பதால், தேடும் சொல்லின் வாலை வெட்டிவிட்டு அனுப்பும் சின்ன மாட்யூல் ஒன்றை நானும் பாம்பன் தம்பியும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்று விதிதான்: புள்ளி, உகரக் குறி, ம். கொஞ்சம் தேவையில்லாததும் சேர்ந்து வரும், பரவாயில்லை. சீரானதும் ஜிபிஎல்லிலேயே வெளியிடுவோம், திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் எடுத்துக்கொள்ளட்டும்.

அகராதிப் புலம் ஒன்றையும் சேர்த்தோம். சென்னைக்காரர் வஞ்சிரம் என்று தேடுவார், குமரிக்காரர் நெய்மீன் என்பார். ஒவ்வொரு மீனுக்கும் வேறு ஊர்ப் பெயர்களை ஒரே புலத்தில் எழுதி வைத்தால் இருவருக்கும் ஒரே பக்கம் கிடைக்கும். அந்தப் பெயர்களைச் சேர்த்துக் கொடுத்தது ஏலக்கூடத்தில் நிற்கும் பெரியவர்கள்.

17 ஜூன்

விசைப்படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. தொண்டித் தளம் பேக்டிராப்பில் ஓடுகிறது, பழையது அணைக்கப்பட்டுவிட்டது. இனி மென்பொருளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் ஆளைப் பற்றித்தான். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் துபாய் போவார், அல்லது கல்யாணமாகி வேறு ஊர் போவார், தளம் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்கும். அதனால் பேக்கப் எடுப்பது, நகலில் சோதிப்பது, மேம்படுத்துவது மூன்றையும் சங்கத்தில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம்: செயலாளரின் மகள், அப்புறம் ஐஸ் கணக்கு எழுதும் தம்பி. கடவுச்சொற்கள் சங்கப் பீரோவில், மூடிய உறையில்.

அடுத்த வெளியீடு செப்டம்பர் 15. மேம்படுத்தப்போவது அவர்கள் இருவரும்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், விசைப்பலகையைத் தொட மாட்டேன். தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் 7ல் தளம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அன்றைக்கு வாருங்கள், உங்கள் தரவுத்தள நகலோடு.